மெயில் வந்தால் வேலை இருக்கிறது: கிரான் அறிவிப்புகளை ஒழுங்குபடுத்தப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடை, பண்ருட்டிச் சாலையில் ஒரு முந்திரிக் கிடங்கு. இப்படிப்பட்ட இடங்களில் மேசைக்கடியில் லினக்ஸ் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதை அமைத்துக் கொடுத்தவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போயிருப்பார். “உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே” என்று பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கும். இந்தக் கட்டுரை அப்படிப் பொறுப்பேற்றவர்களுக்கானது.

அந்தப் பெட்டியில் ராத்திரி பேக்கப் எடுப்பது, பழைய கோப்புகளை நீக்குவது, காலையில் இருப்புப் பட்டியல் தயாரிப்பது என்று சில வேலைகள் தானாக நடக்கும். நேரம் பார்த்து அவற்றை ஓட்டுவது கிரான். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே கிரான் இருந்தது. இன்று லினக்ஸில் நாம் பயன்படுத்தும் வகைகள் பெரும்பாலும் 1987-இல் பால் விக்ஸி எழுதிய கிரானின் வழிவந்தவை. ஓட்டும் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஏதாவது எழுத்தை வெளியிட்டால் கிரான் அதை மெயிலாக அனுப்பிவிடும். இந்தப் பழக்கம் நெடுங்காலமாகவே வருகிறது, இதைச் சரியாகப் பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

பெரும்பாலான இடங்களில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, தினமும் “பேக்கப் முடிந்தது” என்று மெயில் குவிந்து, யாரும் திறக்காத ஃபோல்டரில் போய் விழும். இல்லையென்றால், தொல்லை தாங்காமல் யாரோ எல்லாவற்றையும் அடைத்துவிட்டிருப்பார். டிஸ்க் செத்தாலும் பெட்டி வாய் திறக்காது. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஊரே திரும்பிப் பார்க்கிறது. ஏற்ற வேண்டிய நாளில் மட்டும் ஏற்றுவதால்தான் அதற்கு அந்த மரியாதை. கிரான் மெயிலுக்கும் அதே மரியாதையைத் தேடிக்கொடுப்பதுதான் நம் வேலை. மெயில் வந்தால் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது என்று பொருள். மெயில் வராவிட்டால் எல்லாம் நலம் என்று நம்புவதற்குத் தனியாக ஓர் ஏற்பாடு வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்தில் வர வேண்டியதையும் குழப்பம் தரக்கூடியதையும் ஃபோனில் சொல்வதுபோல எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்.

முதலில் பெட்டியில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

டெர்மினலில் கிரான்டேப் -எல் என்று தட்டினால் உங்கள் பயனர் பெயரில் உள்ள வேலைகள் தெரியும். பெட்டியில் முழு அதிகாரம் உள்ள ரூட் பயனருக்குத் தனிப் பட்டியல் உண்டு, அதைப் பார்க்கக் கட்டளைக்கு முன்னால் சூடோ சேர்க்க வேண்டும். இவை போக /ஈடிசி அடைவுக்குள் கிரான்டேப் என்ற கோப்பும், கிரான்.டி, கிரான்.டெய்லி, கிரான்.வீக்லி என்ற அடைவுகளும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த வேலை, எத்தனை மணிக்கு, நின்றுபோனால் யாருக்கு நஷ்டம் என்று அட்டவணையாக மூன்று பத்தி போதும். மூன்றாவது பத்தியை நிரப்ப முடியாத வேலை அநேகமாகத் தேவையில்லாத வேலை.

கிரான்டேபின் ஒரு வரி இப்படி இருக்கும்:

30 21 * * * /ஹோம்/கணக்கு/பேக்கப்.எஸ்எச்

நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்பது வரிசை. இந்த வரி தினமும் இரவு 9:30-க்கு ஓடும். ஆனால் யாருடைய 9:30? அலுவலகப் பெட்டி நம் நேரத்தில் ஓடும். வாடகைக்கு எடுத்த சர்வர் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் போகிறது. எனவே யூடிசியில் இருக்கும் பெட்டியில் மேற்கண்ட வரி நமக்கு விடியற்காலை 3:00 மணிக்கு ஓடும். டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளை பெட்டியின் நேர மண்டலத்தைக் காட்டும். ஏசியா/கொல்கத்தா என்று மாற்றினால், மாற்றிய பிறகு கிரான் சேவையை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் கிரான் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மெயில் இப்போது எங்கே போகிறது?

கிரான் மெயிலைத் தானே ஊர் கடத்தாது. பெட்டியில் இருக்கும் சென்ட்மெயில் என்ற நிரலிடம் கொடுத்துவிடும். போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம், எம்எஸ்எம்டிபி போன்றவை எல்லாம் அந்தப் பெயரில் வந்து நின்று வாங்கிக்கொள்ளும். உபுண்டுவில் இவற்றில் எதுவும் தானாக நிறுவப்படுவதில்லை. அப்போது என்ன நடக்கும்? ஸ்கிரிப்ட் கத்திய எல்லாவற்றையும் கிரான் கீழே போட்டுவிட்டு, “நோ எம்டிஏ இன்ஸ்டால்ட், டிஸ்கார்டிங் அவுட்புட்” என்று லாகில், அதாவது பெட்டியின் பதிவேட்டில், ஒரு வரி மட்டும் எழுதும். ஜர்னல்சிடிஎல் -யூ கிரான் என்று தட்டி அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். ரெட்ஹேட் குடும்பத்தில் சேவையின் பெயர் கிரான்டி. அந்த வரி இருந்தால் உங்கள் பெட்டி இதுவரை எந்தப் பிழையையும் யாரிடமும் சொன்னதில்லை.

சில பெட்டிகளில் மெயில் நிரல் இருக்கும், ஆனால் மெயில் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். /வார்/மெயில் அடைவில் பயனர் பெயரில் ஒரு கோப்பு வீங்கிக் கிடந்தால் இதுதான் காரணம். அதன் கடைசிப் பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள். பல மாதங்களாக எந்த வேலை தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

மெயில் வெளியே போக வழி செய்வது

நேரடியாக 25-ஆம் போர்ட் (மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் வாயில்) வழியாக அனுப்பப் பார்க்காதீர்கள். பல சர்வர் வாடகை நிறுவனங்கள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. அப்படியே போய்ச் சேர்ந்தாலும் ஸ்பாமில்தான் விழும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், அனுப்பும் டொமைனுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம் சான்று (மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்து வருகிறது என்று காட்டுவது) இருந்தாக வேண்டும் என்று கேட்கிறது. சின்ன அலுவலகத்துக்கு நடைமுறைக்கு ஏற்றது, ஏற்கெனவே உள்ள ஒரு மெயில் கணக்கின் வழியாக 587-ஆம் போர்ட்டில் அனுப்புவது.

இதற்கு எம்எஸ்எம்டிபி போதும் என்று பல வழிகாட்டிகள் சொல்லும். அமைப்பது எளிதுதான், ஒரே ஒரு கோப்பு. ஆனால் நம் ஊருக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். எம்எஸ்எம்டிபிக்கு வரிசை கிடையாது. அனுப்பும் நொடியில் இணையம் இல்லையென்றால் அந்த மெயில் போகாது, திரும்ப முயலவும் செய்யாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்த பிறகு மாவட்டத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட கடற்கரையில் இணையம் அறுந்துபோவது வழக்கமான நிகழ்ச்சி. அதுவும் டிஸ்க்கும் மின்சாரமும் தகராறு செய்கிற அதே நாள்களில்தான் அறுந்துபோகும்.

அதனால் போஸ்ட்ஃபிக்ஸ். இணையம் இல்லாவிட்டால் மெயிலை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். இயல்பாக 5 நாள் வரை விடாது. டெபியன், உபுண்டுவில் நிறுவும்போது கேட்கும் கேள்வியில் “சாட்டிலைட் சிஸ்டம்” என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டி வெளியே மட்டும் அனுப்பும், வெளியிலிருந்து எதையும் வாங்காது. கடவுச்சொல் சரிபார்ப்புக்கு லிப்சாஸ்ல்2-மாட்யூல்ஸ் என்ற தொகுப்பும் வேண்டும். பிறகு /ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/மெயின்.சிஎஃப் கோப்பில் ரிலேஹோஸ்ட் என்ற இடத்தில் மெயில் சேவையின் முகவரியையும் போர்ட் 587-ஐயும் கொடுத்து, சாஸ்ல் என்ற அந்தக் கடவுச்சொல் சரிபார்ப்பை ‘எஸ்’ ஆக்கி, வழியில் யாரும் படிக்காமல் காக்கும் டிஎல்எஸ் நிலையை ‘என்க்ரிப்ட்’ என்று வையுங்கள். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தனிக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்புக்கு 600 அனுமதி கொடுங்கள், ரூட் தவிர யாரும் படிக்கக் கூடாது. அதன்மேல் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டி, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்தால் தயார்.

ஜிமெயில் கணக்கைப் பயன்படுத்தினால் உங்கள் வழக்கமான பாஸ்வேர்ட் இங்கே வேலை செய்யாது. 2022 மே 30-உடன் கூகுள் அந்த வழியை மூடிவிட்டது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, ‘ஆப் பாஸ்வேர்ட்’ என்ற 16 எழுத்துச் சொல்லை உருவாக்கிக்கொள்ள வேண்டும். முதலாளியின் சொந்தக் கணக்கைக் கேட்காதீர்கள். இதற்கென்றே ஒரு கணக்கு தொடங்குங்கள்.

மெயில்க்யூ என்று தட்டினால் வரிசையில் என்ன தேங்கியிருக்கிறது என்று தெரியும். அது காலியாக இருக்க வேண்டும்.

யாருக்குப் போக வேண்டும்?

கிரான்டேப் -இ என்று திறந்து, வேலை வரிகளுக்கு மேலே ஒரு வரி சேருங்கள்:

மெயில்டூ=முகவரி

மெயில்டூ என்பது எம்-ஏ-ஐ-எல்-டி-ஓ, ஆறும் பெரிய எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. இந்த வரி தனக்குக் கீழே உள்ள வேலைகளுக்கு மட்டும் பொருந்தும். ஆகவே ஒரே கிரான்டேபில் இரண்டு இடத்தில் எழுதலாம். மேலே பேக்கப் வேலைகளுக்கு ஒருவர், கீழே இருப்புப் பட்டியலுக்கு வேறொருவர். சமக்குறிக்குப் பின் வெறும் இரட்டை மேற்கோள் குறி போட்டால் மெயிலே போகாது. அதை எங்கே கண்டாலும் ஏன் போட்டார்கள் என்று விசாரியுங்கள்.

ரூட் பயனருக்கு வரும் மெயில்கள் தனி. /ஈடிசி/ஏலியாசஸ் கோப்பில் ரூட் என்பதற்கு நேரே வெளி முகவரியை எழுதி நியூஏலியாசஸ் கட்டளையை ஓட்டுங்கள். முடிந்தவரை ஒருவர் முகவரி வேண்டாம், காற்புள்ளி போட்டு இருவரைச் சேருங்கள். நீங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கும் நாளில் அலுவலகத்தில் இருக்கும் ஒருவராவது அந்த மெயிலைப் பார்க்க வேண்டும். டிஸ்க் கேபிள் கழன்றிருந்தால் திரும்பச் சொருக அவரால்தான் முடியும்.

கிரான் அனுப்பும் மெயிலின் தலைப்பில் பயனர் பெயர், பெட்டியின் பெயர், ஓடிய முழுக் கட்டளை மூன்றும் இருக்கும். இதனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியிருக்கிறது. பெட்டிக்கு லோக்கல்ஹோஸ்ட், உபுண்டு என்றெல்லாம் பெயர் இருந்தால் மாற்றுங்கள். நான்கு கடைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு “மஞ்சை-ஆடிட்”, “ஓட்டி-ஐஸ்” (ஓட்டி என்பது கடலூர் ஓ.டி., பழைய நகரம்) என்று இடமும் தொழிலும் சேர்ந்த பெயர்தான் உதவும். இரண்டாவது மிக முக்கியமானது: கிரான்டேப் வரியில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எழுதியிருந்தால் அது அப்படியே மெயில் தலைப்பில் போகும். மைஎஸ்க்யூஎல் என்றால் வீட்டு அடைவில் .மை.சிஎன்எஃப் கோப்பில் பாஸ்வேர்டை வைத்து, அதற்கும் 600 அனுமதி கொடுங்கள்.

தமிழில் செய்தி எழுதும் ஸ்கிரிப்ட் என்றால் கன்டென்ட்_டைப் என்ற இன்னொரு வரியும் மேலே வேண்டும். அதுவும் முழுக்கப் பெரிய எழுத்து. மதிப்பு ‘டெக்ஸ்ட்/பிளெய்ன்; சார்செட்=யூடிஎஃப்-8’, இரட்டை மேற்கோளுக்குள். இது இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வந்து சேரக்கூடும்.

இப்போது சோதியுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை, இல்லாத ஓர் அடைவை எல்எஸ் செய்யும் வரியைச் சேருங்கள்:

* * * * * எல்எஸ் /இல்லாதது

இரண்டு நிமிடத்துக்குள் மெயில் வர வேண்டும். வந்தவுடன் அந்த வரியை நீக்குங்கள். மறந்துவிட்டால் ஒரு நாளைக்கு 1440 மெயில். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 500 வரைதான் அனுப்ப முடியும். அதைத் தாண்டினால் கணக்கிலிருந்து மெயில் அனுப்புவதே சில மணி நேரத்துக்கு நின்றுவிடும். உண்மையான எச்சரிக்கையும் அதில் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

சத்தத்தைக் குறைப்பது

கிரான் மெயில் அனுப்புவதற்குப் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஏதாவது எழுத்து வெளியே வந்ததா? வேலை வென்றதா தோற்றதா என்று அது பார்ப்பதில்லை. வெற்றிகரமாக முடிந்த பேக்கப் “முடிந்தது” என்று எழுதினால் மெயில் வரும். சத்தமில்லாமல் தோற்றால் மெயில் வராது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் மருந்து, வரியின் கடைசியில் >/டெவ்/நல் 2>&1 என்று ஒட்டுவது. சாதாரணச் செய்தி, பிழைச் செய்தி இரண்டையும் குப்பையில் போடுகிறது இது. புதியவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: கணக்குப் புத்தகம், நோயாளி விவரம், சம்பளப் பட்டியல் போன்ற எதையும் காக்கும் வேலையில் இந்த வாலை ஒட்டாதீர்கள். 2>&1 இல்லாமல் முதல் பாதி மட்டும் இருந்தால் பிழைச் செய்திகளாவது மெயிலில் வரும். அது பாதிச் சரி. ஏனென்றால் பல நிரல்கள் பிழைச் செய்தி போகும் வழியிலேயே சாதாரண முன்னேற்றத் தகவல்களையும் எழுதும்.

இதற்கு நல்ல கருவி க்ரானிக். சி-எச்-ஆர்-ஓ-என்-ஐ-சி. மோர்யூட்டில்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் கிடைக்கும். கிரான்டேப் வரியில் ஸ்கிரிப்டுக்கு முன்னால் அதைச் சேருங்கள்:

30 21 * * * க்ரானிக் /ஹோம்/கணக்கு/பேக்கப்.எஸ்எச்

ஸ்கிரிப்ட் வெளியிடும் எல்லாவற்றையும் க்ரானிக் பிடித்து வைத்துக்கொள்ளும். வேலை வெற்றியாக முடிந்தால் அதை விட்டுவிடும். தோற்றால் முழுவதையும் வெளியிடும், அதைக் கிரான் மெயிலாக்கும். ஸ்கிரிப்டில் எத்தனை விரிவான தகவலும் எழுதலாம், தோற்ற நாளில் மட்டும் அது உங்கள் கைக்கு வரும். -வி என்ற விருப்பத்தைச் சேர்த்தால், வேலை எந்த எண்ணோடு முடிந்தது என்பதையும் சொல்லும். ஒரு வார்த்தையும் எழுதாமல் தோற்கும் வேலைக்கு க்ரானிக்கிடம் வெளியிட ஒன்றும் இருக்காது, மெயிலும் வராது. அதனால் -வி சேர்ப்பதையே நான் விரும்புகிறேன்.

லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளங்களை வைத்திருப்பவர்களுக்கு இது கிரானிலேயே இருக்கிறது. கட்டளைக்கு முன்னால் -என் என்று எழுதினால் வெற்றியான ஓட்டத்துக்கு மெயில் வராது.

ஸ்கிரிப்ட் உண்மை பேச வேண்டும்

க்ரானிக் உட்பட எல்லாமே ஸ்கிரிப்ட் முடியும்போது கொடுக்கும் எண்ணை நம்பித்தான் நிற்கின்றன. பூஜ்யம் என்றால் வெற்றி, வேறு எந்த எண்ணும் தோல்வி. ஷெல் ஸ்கிரிப்ட், தான் கடைசியாக ஓட்டிய கட்டளையின் எண்ணைத்தான் தன் எண்ணாகக் கொடுக்கும். நடுவில் பேக்கப் தோற்று, கடைசியில் ‘எக்கோ முடிந்தது’ என்று எழுத்தை மட்டும் வெளியிடும் வரி இருந்தால் ஸ்கிரிப்ட் பூஜ்யம் சொல்லும். எக்கோ வென்றுவிட்டதே!

இதைவிட ஆபத்தானது ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் குழாய்க்குறி (|). டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பின் வெளியீட்டை ஜிசிப்புக்கு அனுப்பிச் சுருக்குவது எல்லா ஊரிலும் எழுதப்படும் வரி. டேட்டாபேஸ் நின்றுபோயிருந்தால் டம்ப் தோற்கும். ஜிசிப்போ தனக்கு வந்த ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கி 20 பைட் கோப்பு ஒன்றை எழுதிவிட்டு வெற்றி என்று சொல்லும். வரிசையில் கடைசி ஆளான ஜிசிப்பின் சொல்தான் எடுபடும். தினமும் ஒரு கோப்பு தேதியோடு உருவாகிக்கொண்டிருக்கும், பார்ப்பவருக்குப் பேக்கப் நடப்பதுபோலவே தெரியும். கோப்பைச் சோதித்தாலும் அது பழுதில்லாத ஜிசிப் கோப்பு என்றுதான் வரும்.

ஆகவே ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தொடக்கத்திலும் இந்த இரண்டு வரி இருக்கட்டும்:

#!/பின்/பாஷ்
செட் -இ -யூ -ஓ பைப்ஃபெயில்

-இ என்றால் ஒரு கட்டளை தோற்ற இடத்திலேயே ஸ்கிரிப்ட் நிற்கும். -யூ என்றால் மதிப்புக் கொடுக்காத மாறியைத் தொட்டால் நிற்கும். அடைவுப் பெயர் காலியாக இருக்கும்போது எதையோ அழித்துவிடும் விபத்தை இது தடுக்கும். பைப்ஃபெயில் என்றால் குழாயில் யார் தோற்றாலும் முழு வரியும் தோற்றதாகக் கணக்கு.

இதற்குமேல் பேக்கப் ஸ்கிரிப்டில் மூன்று சோதனைகளை நான் எப்போதும் வைக்கச் சொல்வேன். வெளி டிஸ்க் உண்மையில் இணைந்திருக்கிறதா என்று மவுண்ட்பாயின்ட் -க்யூ கட்டளையால் முதலில் பாருங்கள். கேபிள் கழன்றிருந்தால் அதே பெயருள்ள வெறும் அடைவுக்குள் பேக்கப் எழுதப்பட்டு, பெட்டியின் சொந்த டிஸ்க் நிரம்பிவிடும். அடுத்தது, மைஎஸ்க்யூஎல்டம்ப் தன் வேலையை முழுதாக முடித்தால் கடைசியில் “டம்ப் கம்ப்ளீட்டட்” என்று ஒரு வரி எழுதும். சுருக்கிய கோப்பை விரித்து அதன் கடைசி வரியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, இன்றைய கோப்பு நேற்றையதில் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தால் ஸ்கிரிப்டே ஒரு விளக்கத்தை எழுதிவிட்டு எக்ஸிட் 1 என்று முடியட்டும். வியாபாரக் கணக்கு ஒரே ராத்திரியில் பாதியாகாது.

எல்லாத் தோல்வியும் தோல்வி அல்ல. -இ போட்ட பிறகு புதியவர்கள் திகைக்கும் இடம் இது. எழுத்தைத் தேடும் கட்டளையான க்ரெப், தேடியது கிடைக்காவிட்டால் 1 கொடுக்கும். கோப்புகளை ஒப்பிடும் டிஃப், இரண்டு கோப்பும் வேறுபட்டால் 1 கொடுக்கும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க், நகலெடுக்கும்போது நடுவில் யாராவது ஒரு கோப்பை அழித்திருந்தால் 24 கொடுக்கும். ஆள்கள் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் ஓடும் ஆர்சிங்குக்கு 24 சகஜம், அதை மட்டும் வெற்றியாக எடுத்துக்கொள்ளுங்கள். 23 அப்படி அல்ல, சில கோப்புகள் உண்மையிலேயே நகலாகவில்லை என்று பொருள். அதற்கு மெயில் வரத்தான் வேண்டும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். கிரான் தேடும் பாதை மிகக் குறுகியது, வழக்கமாக /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டுதான். வேறு இடத்தில் உள்ள நிரல் கிடைக்காமல் 127 என்ற எண்ணோடு தோற்கும். முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள். அடுத்தது % குறி. கிரான்டேப் வரியில் அது வந்தால் அங்கேயே வரி உடைந்துவிடும். தேதியைக் கோப்பின் பெயரில் சேர்ப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். % குறிக்கு முன்னால் \ போடலாம், ஆனால் தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நிம்மதி.

ஒரே புகார் நூறு முறை

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இணைய இணைப்பையோ டிஸ்க் அளவையோ பார்க்கும் வேலை தோற்றால், மணிக்கு 12 மெயில். இரவு பத்துக்குத் தொடங்கினால் காலை ஆறுக்குள் 96. நான்காவது மெயிலுக்குப் பிறகு யாரும் படிப்பதில்லை. இதற்கு எளிய வழி ஓர் அடையாளக் கோப்பு. தோற்றால், அடையாளக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உருவாக்கி, செய்தியை எழுதுங்கள். ஏற்கெனவே இருந்தால் பேசாமல் முடியுங்கள். வென்றால், அந்தக் கோப்பு இருக்கும்பட்சத்தில் அதை நீக்கி, “சரியாகிவிட்டது” என்று ஒரு வரி எழுதுங்கள். ஆக ஒரு கோளாறுக்கு இரண்டே மெயில். இப்படி ஸ்கிரிப்டே முடிவெடுத்துப் பேசும் வேலைகளுக்கு க்ரானிக் வேண்டாம்.

முந்தைய ஓட்டம் முடியாமலேயே அடுத்தது தொடங்கிக் குழப்பும் வேலைகளுக்கு ஃப்ளாக் -என் போடுங்கள். எஃப்-எல்-ஓ-சி-கே.

மெயில் வராத நாள்

இவ்வளவும் செய்தாகிவிட்டது. ஒரு வாரமாக மெயில் எதுவும் வரவில்லை. எல்லாம் நலமா? பெட்டி அணைந்திருக்கலாம். கிரான் நின்றிருக்கலாம். ஆப் பாஸ்வேர்டை யாரோ நீக்கியிருக்கலாம். இறந்துபோன பெட்டி தன் இறப்பை மெயில் எழுதித் தெரிவிக்காது.

அதனால் காவல் வெளியே இருக்க வேண்டும், முடிந்தால் ஊருக்கே வெளியே. வேலை ஒவ்வொரு முறை வெற்றியாக முடியும்போதும் ஒரு வெளி முகவரியை ஸ்கிரிப்ட் தட்டிவிட்டு வரும். சொன்ன நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் அந்தச் சேவை உங்களுக்கு மெயில் அனுப்பும். ஹெல்த்செக்ஸ் என்பது இதற்கான திறமூலச் சேவை. அவர்கள் தளத்தில் இலவசக் கணக்கும் உண்டு, உங்கள் சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். ஸ்கிரிப்டின் கடைசி வரியில் கர்ல் கட்டளையால் அந்த முகவரியை அழையுங்கள். காத்திருக்கும் நேரம் 10 வினாடி, மறுமுயற்சி 5 என்று விருப்பங்கள் கொடுங்கள். மேலே -இ போட்டிருப்பதால் நடுவில் எது தோற்றாலும் ஸ்கிரிப்ட் இந்த வரிக்கு வந்து சேராது, தட்டலும் போகாது. கர்ல் மட்டும் தோற்றால் பேக்கப் தோற்றதாகிவிடக் கூடாது என்றால், அந்த வரியின் கடைசியில் || ட்ரூ என்று சேருங்கள்.

அவகாச நேரத்தைத் தாராளமாக வையுங்கள். தினசரி பேக்கப்புக்கு ஒரு நாளும் அதற்குமேல் மூன்று மணி நேரமும் கொடுக்கலாம். அரை மணி நேரம் என்று இறுக்கிவைத்தால், சாதாரண மின்வெட்டுக்கெல்லாம் எச்சரிக்கை வந்து அதற்கும் மதிப்புப் போய்விடும்.

மின்வெட்டு என்றதும் இன்னொன்று. 9:30-க்குப் பெட்டி அணைந்திருந்தால், பத்து மணிக்கு மின்சாரம் வந்த பிறகு கிரான் அந்த வேலையைத் திரும்ப ஓட்டாது. அடுத்த நாள் 9:30 வரை காத்திருக்கும். ராத்திரி அலுவலகத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் இடங்களில் பேக்கப் ஒருநாளும் ஓடியிருக்காது. அங்கெல்லாம் அனக்ரான் நிறுவுங்கள். தவறிப்போன தினசரி, வாராந்திர வேலைகளைப் பெட்டி எழுந்த பிறகு ஓட்டும். மணி பார்த்து ஓடாது, நாள் பார்த்து ஓடும். அதன் வெளியீடும் மெயிலாகவே வரும், அதனால் மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும். கிரானுக்குப் பதில் நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் சிஸ்டம்டி டைமர்களுக்கு மாறினால் பெர்சிஸ்டென்ட் என்ற அமைப்பு இதே வேலையைச் செய்யும். ஆனால் டைமர்கள் தாமாக மெயில் அனுப்பாது. ஆன்ஃபெயிலியர் என்ற வரியில் மெயில் அனுப்பும் இன்னொரு சேவையை நீங்களே எழுதி இணைக்க வேண்டும். தொடங்குபவர்களுக்குக் கிரானும் க்ரானிக்குமே போதும்.

மழைக்கு முன் ஒரு ஒத்திகை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு முன், செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை அலுவலகத்தில் சொல்லிவிட்டு இதைச் செய்யுங்கள். வெளி டிஸ்கைக் கழற்றிவிட்டு, பேக்கப் நேரம் வரும்வரை விடுங்கள். மெயில் இருவருக்கும் வந்ததா, தலைப்பைப் பார்த்தவுடன் எந்தக் கடை என்று புரிந்ததா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை டிஸ்கைச் சொருகிவிட்டு, இணையக் கேபிளை மட்டும் கழற்றி, மேலே சொன்ன எல்எஸ் வரியைக் கிரான்டேபில் சேர்த்து, மெயில்க்யூவில் ஒரு மெயில் நிற்பது தெரிந்தவுடன் அந்த வரியை நீக்குங்கள். கேபிளைத் திரும்பப் போட்டு போஸ்ட்க்யூ -எஃப் தட்டினால் அது கிளம்ப வேண்டும். பிறகு பெட்டியையே ஒரு நாள் முழுக்க அணைத்து வைத்து, வெளிச் சேவையிலிருந்து எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள்.

மூன்றும் வந்தால், தொடக்கத்தில் எழுதிய தாளில் இன்றைய தேதியைப் போட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். மெயில் கணக்கின் பெயர், வெளிச் சேவையின் பெயர், மெயில் பெறும் இருவரின் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். பாஸ்வேர்ட் மட்டும் வேண்டாம். உங்களுக்குப் பிறகு இந்தப் பொறுப்பை ஏற்பவர் யாரையும் கேட்காமல் தொடங்க அது போதும்.